பக்கத்து இடமா, முதல் இடமா?

கடந்த பள்ளி விடுமுறையில் கோத்தா கினபாலு செல்வதற்காகக் குடும்பத்தோடு விமான நிலையம் சென்றேன். காரை ஓட்டியவன் நான். நிறுத்துமிடத்தில் நுழைந்ததுமே சில காலி இடங்கள் தெரிந்தன. “மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்” என்று அவற்றைத் தாண்டிப் போனேன். கிடைக்கவில்லை. ஒருவழிப் பாதை என்பதால் திரும்பவும் முடியவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் முன்பு பார்த்த இடங்களும் நிறைந்துவிட்டன. கடைசியில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். “அறிவியல் ஆசிரியருக்கு ஒரு கணக்குப் போடத் தெரியவில்லையா?” என்று கேட்டார் அம்மா.

மாணவர்களே, அந்தக் கணக்கை இப்போது போடுவோம். நாம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். 100 மீட்டரைக் கடக்க 72 விநாடி ஆகும். காரை 200 மீட்டர் தள்ளி நிறுத்தினாலும் கூடுதலாக நடக்கும் நேரம் இரண்டரை நிமிடத்திற்கும் குறைவுதான். பக்கத்து இடம் தேடி ஐந்து நிமிடம் சுற்றினால் நட்டம் யாருக்கு?

2019-இல் கிராபிவ்ஸ்கி, ரெட்னர் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கணித முறையில் ஆராய்ந்தனர். அவர்கள் மூவகை ஓட்டுநர்களை ஒப்பிட்டனர். தயங்குபவர், கடைசியாக நிற்கும் காருக்குப் பின்னாலேயே நிறுத்திவிடுவார். நம்பிக்கைவாதி, வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நிதானமானவர், சற்று உள்ளே போய், கார்களுக்கிடையே முதலில் காணும் இடைவெளியில் நிறுத்துவார். ஓட்டும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது, சராசரியில் நிதானமானவரே முந்தினார். நம்பிக்கைவாதி சற்றே பின்தங்கினார். தயங்குபவர் வெகுவாகப் பின்தங்கினார்.

அந்த ஆய்வில் நிறுத்துமிடம் ஒரே நேர்வரிசை. எளிதாகத் திரும்பி வரலாம். விமான நிலைய அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் திரும்புவதென்றால் ஒரு முழுச் சுற்று. அங்கே நம்பிக்கைவாதியின் இழப்பு இன்னும் கூடும் என்பது என் கருத்து. நானே அதற்குச் சாட்சி!

இழப்பு நேரம் மட்டுமன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. காற்றோட்டம் குறைந்த தளத்தில் சுற்றும் கார்கள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் சேர்க்கின்றன. அதைச் சுவாசிப்பவர்கள் அங்கே நடந்து செல்லும் நாம்தாம்.

“பாட்டியால் நடக்க முடியாதே, பெட்டி கனக்குமே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டியையும் பெட்டிகளையும் முதலில் புறப்பாட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். பிறகு ஒருவர் மட்டும் போய்க் காரை நிறுத்தட்டும். சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கு இரயிலிலும் போகலாம்; அப்போது நிறுத்துமிடக் கவலையே இல்லை.

அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போதே இதைச் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் நேரமானியை ஓடவிட்டு, தேடிய நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். அந்த இரண்டு எண்களையும் அப்பாவிடம் காட்டுங்கள். விமானம் ஏறும் நாளில் அவர் முதல் இடைவெளியிலேயே காரை நிறுத்திவிடுவார்.