ஐந்து நிமிடம் யாருக்கு?

"பிஎச்பி போடுவது ஐந்து நிமிட வேலை. அதுகூட வராதவன் இந்தப் பக்கமே வரக்கூடாது." காஞ்சிபுரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் நடக்கும் வெப் டிசைன் பட்டறைகளில் இந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறேன். பேச்சாளர் மாறுகிறார், பேச்சு மாறுவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் சென்னையில் நல்ல வேலையில் இருப்பவர். சொல்லிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். எங்கள் புள்ளலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளை, தன் லேப்டாப்பில் நாட்கணக்கில் மல்லுக்கட்டியும் வராத ஒன்றை நினைத்துக்கொண்டு, நமக்கு மூளை போதாது என்ற முடிவோடு வீடு போகும். மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் மறுநாள் அந்த முகத்தைப் பார்ப்பவன் நான். அந்த வாக்கியத்தில் உண்மை இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது போதும்.

பிஎச்பியை நிறுவும் இந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2019இல் பிளஸ் டூவுக்குப் புதுப் பாடநூல்கள் வந்தபோது, கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பைத்தான் வந்தது. வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு பிஎச்பி வந்தது. பைத்தானை நிறுவியதும் ஒரு ஜன்னல் திறக்கும், எழுதினால் ஓடும். பிஎச்பி அப்படி இல்லை. அது பெரும்பாலும் வெப் சர்வரோடு சேர்ந்து வேலை செய்கிற மொழி. வழக்கமான முறையில் அப்பாச்சி போன்ற சர்வர் ஒன்று முதலில் ஓட வேண்டும். எந்தக் கோப்பு வந்தால் பிஎச்பியிடம் கொடுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். பிஎச்பிக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் நீட்சியைத் திறந்துவிட வேண்டும். கணக்குப்பதிவியலும் பொருளியலும் படிக்கிற பிள்ளையிடம் சர்வர் நிர்வாகியின் வேலையைக் கொடுத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடியவில்லை என்று திட்டுவதும் அந்தப் பிள்ளையைத்தான்.

அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது? வேர்ட்பிரஸ் தன் கையேட்டில் 'புகழ்பெற்ற ஐந்து நிமிட நிறுவல்' என்று எழுதியது. அதில் பொய் இல்லை. ஏனென்றால் அந்தக் கையேடு, பிஎச்பியும் டேட்டாபேசும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை வைத்துப் பேசுகிறது. கோப்புகளை ஏற்றி, டேட்டாபேஸ் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் முடிந்தது. சர்வரை அமைத்தது வாடகைக்கு இடம் கொடுத்த நிறுவனத்தின் ஆள். அவருடைய உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்தை மட்டும் நம் பேச்சாளர்கள் மேடைக்குத் தூக்கிவந்திருக்கிறார்கள்.

பிஎச்பியே செத்த மொழி, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்பார்கள். உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் ஓடுவது பிஎச்பியில். அவர்களுக்கு இது போதும்.

அடுத்த வாதம் ஸாம்ப். "எல்லாம் ஒரே பொட்டலமாக வருகிறதே, ஒரு கிளிக் போதுமே" என்பார்கள். ஸாம்ப் நல்ல பொட்டலம்தான், 2002இலிருந்து அதை இலவசமாகக் கொடுத்துவருபவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கிளிக் செய்த பிறகு நடப்பதையும் சொல்லுங்கள். அண்ணன் வாங்கிய பழைய விலையில்லா மடிக்கணினியில் 32 பிட் விண்டோஸ் 7 இருந்தால், இப்போதைய ஸாம்ப் அதில் ஏறாது. ஏறுகிற கணினியிலும் அப்பாச்சிக்கு எதிரே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்: 80ஆம் போர்ட்டை, 'திறக்க முடியாத செயல்' ஒன்று, 4 என்ற எண்ணோடு, பிடித்து வைத்திருக்கிறது. இதைப் படித்து என்ன செய்வது? 4 என்பது விண்டோஸின் சிஸ்டம் செயல்முறை. பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சேவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் ஸ்கைப்பும் இதே 80ஐயும் 443ஐயும் பிடித்துக்கொண்டது. இது தெரிந்தவனுக்கு அரை நிமிடம். தெரியாதவனுக்கு அந்தச் சிவப்பு வரி ஒரு சுவர். சுவரைத் தாண்டியவன், கோப்பை எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டு, வழக்கம்போல இரட்டைக் கிளிக்கில் திறப்பான். பக்கம் வெறுமையாக இருக்கும். பிரவுசர் அந்த நிரலை ஏதோ குறிப்பு என்று எண்ணி மறைத்துவிடும், பிழை என்று ஒரு சொல்லும் வராது. லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரி வழியாகப் போனால்தான் சர்வர் கைக்கு வரும் என்பது எழுதிப் பழகியவருக்கு ரத்தத்தில் ஊறியது. பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்.

"பிழைச்செய்தியைப் படி, ஆங்கிலம் படி, எல்லாம் வரும்." இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தமிழ்வழியில் படித்ததுதான் குற்றம் என்பது இதன் பொருள்.

படிக்கச் செய்தி வேண்டாமா? பிஎச்பியை விண்டோஸுக்கான ஜிப் கோப்பாக இறக்கினால், அதில் பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பே இருக்காது. இரண்டு மாதிரிகள் இருக்கும்: ஒன்று எழுதிப் பழகுவதற்கு, இன்னொன்று நிஜ சர்வருக்கு. ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நிஜ சர்வருக்கான மாதிரியை எடுத்துவிட்டால் பிழைகளைத் திரையில் காட்டுவது அணைந்திருக்கும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் 500 என்ற எண்தான் வரும், காரணம் வராது. பெயர் மாற்றும்போது விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருந்தால், கோப்பு பிஎச்பி.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி என்று ஆகிவிடும். பிஎச்பி அதைக் கண்டுகொள்ளாது, கண்டுகொள்ளவில்லை என்று சொல்லவும் செய்யாது. மாற்றியதைச் சேமித்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தி மறுபடி தொடங்காவிட்டால் பழைய அமைப்பே ஓடும். இந்த இடங்களில் ஆங்கிலப் புலமை யாருக்கும் உதவாது.

உண்மையில், இங்கே கூடுதல் அடி வாங்குவது தமிழில் எழுதத் துணிகிற பிள்ளைதான். எங்கள் மாணவி ஒருத்தி ஊரைப் பற்றி ஒரு பக்கம் செய்தாள். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் தோற்கடித்த போர் எங்கள் ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது; ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக நிற்கிறது. இதையெல்லாம் தமிழில் எழுதி, மேலே புள்ளலூர் என்று தலைப்பிட்டு, வருபவரின் பெயரை நினைவில் வைக்க செஷன் ஒன்றையும் தொடங்கியிருந்தாள். நோட்பேடில் சேமிக்கும்போது, ஆன்சி முறையில் சேமித்தால் எழுத்துகள் அழிந்துவிடும் என்று விண்டோஸ் எச்சரித்தது. சொன்னதைக் கேட்டு யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தாள். அந்த இடத்தில் எந்த நிபுணரும் அதைத்தான் செய்திருப்பார்.

பக்கத்தைத் திறந்தால் எச்சரிக்கை: ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன, வெளியீடு முதல் வரியிலேயே தொடங்கிவிட்டது. முதல் வரியில் இருந்தது பிஎச்பியின் தொடக்கக் குறி மட்டும். அதற்கு முன்னால் ஓர் இடைவெளிகூடக் கிடையாது. வரியை அழித்து மறுபடி அடித்தாள். கோப்பையே புதிதாக எழுதினாள். அதே எச்சரிக்கை. ஆங்கிலத் தலைப்போடு இதே நிரலை எழுதியிருந்த தோழிக்கு ஒரு தொல்லையும் இல்லை.

2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்புக்கு முந்தைய நோட்பேட், யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் மூன்று பைட் அளவுள்ள அடையாளம் ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடும். திறக்கும்போது அதைக் காட்டாது. எவ்வளவு அழித்து எழுதினாலும் சேமிக்கும்போது மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிஎச்பிக்கோ அது தொடக்கக் குறிக்கு முன்னால் இருக்கும் உரை. அப்படியே பிரவுசருக்கு அனுப்பிவிடும். செஷன் குக்கீ ஹெடரில் போக வேண்டிய சரக்கு, உள்ளடக்கத்தில் ஒரு பைட் போய்விட்டால் பிறகு ஹெடருக்கு வழி இல்லை. ஆங்கிலம் மட்டும் எழுதியவளின் கோப்பு ஆன்சியில் சேமிக்கப்பட்டது. அதில் இந்த மூன்று பைட் இல்லை.

இன்னும் இருக்கிறது. இதே கோப்பை ஸாம்ப் இருந்த வேறொரு கணினியில் போட்டோம். எச்சரிக்கை இல்லாமல் ஓடியது. ஸாம்போடு வரும் பிஎச்பி.ஐஎன்ஐ, வெளியீட்டை 4096 பைட் வரை தேக்கி வைத்து அனுப்பச் சொல்கிறது, ஹெடர் தப்பித்துவிடுகிறது. மாணவியின் வீட்டில் பிஎச்பி.ஐஎன்ஐயே இல்லை, தேக்கமும் இல்லை. ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் ஓடாத நிரலை வைத்துக்கொண்டு ஒரு பதினேழு வயதுப் பெண் என்ன முடிவுக்கு வருவாள்? தன் கைராசி சரியில்லை என்றுதான். இந்த மூன்று பைட்டையும் அந்த 4096ஐயும் சேர்த்து யோசிக்க, பட்டறைக்கு வந்த பேச்சாளருக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

தமிழ் எழுத்து பக்கத்தில் ஏறிவிட்டாலும் டேட்டாபேஸில் எளிதில் இறங்காது. 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்பு வரை மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்-1. அதைக் கவனிக்காமல் தமிழ்ப் பெயரைச் சேர்த்தால், கேள்விக்குறிகளாக உள்ளே போய்விடக்கூடும். அப்படிப் போனதை மீட்க வழியில்லை. பெயரின் நீளத்தை அளக்கச் சொன்னாலும் சிக்கல். புள்ளலூர் என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்து எழுத்து என்று சொல்லும். பிஎச்பியின் வழக்கமான நீளச் செயற்கூறு 27 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. எம்பிஸ்ட்ரிங் நீட்சியைத் திறந்துவிட்டால் 9 என்று சொல்லும். ஐந்து என்று சரியாகச் சொல்ல வைக்க இன்ட்ல் (intl) என்ற இன்னொரு நீட்சி வேண்டும். விண்டோஸ் ஜிப்பில் இரண்டுமே மூடியே இருக்கும். மேடையில் காட்டப்படும் 'ஹலோ வேர்ல்ட்' இந்தப் பள்ளங்களில் ஒன்றில்கூட விழாது. அதனால்தான் அவர்களுக்கு ஐந்து நிமிடம்.

"கூகுளில் தேடினால் கிடைக்காததா?" கிடைக்கும், பத்து வருடத்துக்கும் மேல் பழையதாக. 2000களில் எழுதப்பட்ட பாடங்களில் டேட்டாபேஸை இணைக்க மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்றிருக்கும். அந்தச் செயற்கூறுகளை 2015இல் வந்த பிஎச்பி 7 முற்றாக நீக்கிவிட்டது. பாடத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் அப்படியொரு செயற்கூறே இல்லை என்று பதில் வரும். இன்னும் பழைய பாடங்கள், படிவத்தில் எழுதிய பெயர் தானாகவே மாறியாக வந்துவிடும் என்கின்றன. பாதுகாப்புக்காக அந்த வசதி 2002இல் 4.2 பதிப்பிலேயே அணைக்கப்பட்டு, 2012இல் எடுத்தே போடப்பட்டது. அப்பாச்சியை அமைக்க எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பைத் திருத்து என்று தேடலில் வரும். பாஸ் லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் அந்தப் பெயரில் கோப்பே இருக்காது, டெபியன் குடும்பத்தில் அதன் பெயர் அப்பாச்சி2.கான்ஃப். எது பழையது எது புதியது என்று பிரிக்கத் தெரிந்தவன் தேடிப் பயனடைவான். தொடக்கக்காரனுக்கு இல்லாதது அந்தத் தெளிவுதான்.

கஷ்டப்பட்டால்தான் படிப்பு ஏறும் என்ற வாதம் கடைசியாக வரும். சுழற்சியைப் புரிந்துகொள்ளக் கஷ்டப்படட்டும், படிவத்தைச் சரிபார்க்கக் கஷ்டப்படட்டும், அது படிப்பு. கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டோடு ராத்திரியெல்லாம் போராடி அந்தப் பெண் கற்றது எதுவும் இல்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் பிஎச்பியைத் தொடங்கியது தன் சொந்த முகப்புப் பக்கத்தைப் பராமரிக்க. எளிய ஆள் எளிதாகப் பக்கம் செய்யலாம் என்பதால்தான் பிஎச்பி பரவியது. அந்த எளிமைக்குக் காரணம், பெரும்பாலான வாடகை சர்வர்களில் யாரோ ஒருவர் அதை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்ததுதான். பேச்சாளர் தன் அலுவலகத்தில் முதல் நாள் உட்கார்ந்தபோதும் பெரும்பாலும் யாரோ அமைத்துக் கொடுத்த கணினியில்தான் உட்கார்ந்திருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த யாரோ ஒருவர் இல்லை.

அந்த ஆளாக ஆசிரியர் இருக்கலாம். 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே பழகுவதற்கான சிறு சர்வர் ஒன்று இருக்கிறது. அப்பாச்சி வேண்டாம், 80ஆம் போர்ட் சண்டையும் வேண்டாம். கட்டளை வரியில் ஒரே வரி, 8000 என்ற போர்ட்டில் ஓடும். பிள்ளையின் கணினிக்குப் பொருந்தும் பதிப்பை எடுத்து, பிஎச்பி.ஐஎன்ஐயை எழுதி, எம்பிஸ்ட்ரிங்கைத் திறந்து, பிழை காட்டுவதை இயக்கி, அந்த மூன்று பைட்டைச் சேர்க்காத எழுத்துத் தொகுப்பானையும் கூடவே வைத்து, பென் டிரைவில் கொடுத்துவிடலாம். இப்போது நான் கொடுப்பது அப்படித்தான். பாடநூலில் பிஎச்பி நான்காம் பாடத்தில் தொடங்குகிறது, மைஎஸ்க்யூஎல் இணைப்பு ஒன்பதாம் பாடத்தில்தான் வருகிறது. அதுவரை பிள்ளைகள் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.