"இயன்றவரை" என்று ஒரு சொல்

அரசு அலுவலகத்தில் ஆயுளில் பாதியைக் குமாஸ்தாவாகக் கழித்தவன் சொல்கிறேன்: ஓர் உத்தரவில் "இயன்றவரை" என்று இருந்தால், அந்த வேலை நடக்காது என்று அர்த்தம்.

2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் நல்ல சட்டம்தான். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். போலீஸ் சீருடையில் வரக்கூடாது. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். கோர்ட்டுக்குத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் வாக்குமூலத்தை ஆடியோ வீடியோவில் பதிவு செய்வது மட்டும் (26-ஆம் பிரிவு) "இயன்ற இடங்களில்". அங்கேதான் ஓட்டை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா கேட்பாள், பாட்டி கேட்பாள், டீச்சர் கேட்பார். பிறகு டாக்டர், போலீஸ், மாஜிஸ்திரேட். "அந்த மாமாதானே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்பார்கள். குழந்தை தலையாட்டும். அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிச் சொல்லும். அந்த மாற்றத்தைத்தான் எதிரி வக்கீல் பிடித்துக்கொள்வார். அதோடு எழுதுகிறவர் கைவரிசையும் உண்டு. "அங்க வலிச்சுது" என்று பிள்ளை சொன்னது காகிதத்தில் "மேற்படி நபர்" என்று தொடங்கும் நீண்ட வாக்கியமாகிவிடும். அந்த நடை எனக்குத் தெரியாததா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் அந்நாட்டுச் செய்திகளையும் பார்ப்பவன் நான். ஊத்ரோ என்ற ஊரின் வழக்கை மறக்க முடியாது. அங்கே பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தது உண்மை. நான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களோடு சேர்த்து நிறுத்தப்பட்ட 13 பேர் நிரபராதிகள். ஏழு பேர் 2004-லும், மீதி ஆறு பேர் 2005 டிசம்பரில் பாரீஸ் அப்பீலிலும் விடுதலை ஆனார்கள். இன்னொருவர் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துபோனார். 1998-லேயே அங்கே வீடியோ பதிவுக்குச் சட்டம் இருந்தது. ஆனால் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஊத்ரோவுக்குப் பிறகு, 2007 மார்ச்சில் அந்த நிபந்தனையை எடுத்தார்கள்.

முறையாகக் கேட்காவிட்டால் இரண்டு பாவம். பாதிக்கப்பட்ட பிள்ளையை யாரும் நம்ப மாட்டார்கள். பாதகம் செய்யாதவன் ஜெயிலுக்குப் போவான். "சின்னப் பிள்ளை பேச்சை நம்புவதா?" என்பவர்களுக்கும், "பிள்ளை பொய்யே சொல்லாது" என்பவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: எப்படிக் கேட்டீர்கள் என்று முதலில் காட்டுங்கள்.

பணமில்லை என்று சொல்லாதீர்கள். அரைக் குழி மனையைப் பதிவு செய்யப் போனாலும் போட்டோவும் கைரேகையும் கேட்கிற அரசாங்கம் இது. வீடியோ வெளியே கசியும் என்ற பயம் நியாயமானது. சீல் வைத்து கோர்ட்டில் வையுங்கள், கசியவிட்டவனைத் தண்டியுங்கள். அதற்காகப் பதிவே வேண்டாம் என்பது வீண்வாதம்.

எனவே "இயன்ற இடங்களில்" என்பதை அடித்துவிட்டுக் "கட்டாயம்" என்று எழுத வேண்டும். கேட்பவர் அதற்குப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். காரைக்காலிலும் அதற்கென ஓர் அறை வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, 1098-க்குப் போன் செய்யுங்கள்.