கார் ஆடியோ மோகம்: ‘டைனமோ’வை மாத்தினா மட்டும் போதுமா? வாகன ஓட்டிகளே உஷார்!

ஆதம்பாக்கம்:

ராத்திரி 9 மணி. மேடவாக்கம் மெயின் ரோட்டில் நெரிசலில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே ‘டொம்... டொம்...’ என்று பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் லேசாக மங்கி, மறுபடியும் பளிச்சிடுகிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது வேடிக்கை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது பார்த்தால், வண்டிக்கு கரண்டு பத்தலை என்று அங்கேயே சொல்லி விடுவார்.

கார்க்காரர் அடுத்து தேடுவது பெரிய ஆல்டர்னேட்டர். மெக்கானிக் ஷெட்டுகளில் இதற்கு இன்னமும் ‘டைனமோ’ என்றுதான் பெயர். பெரிய டைனமோ போட்டால் எல்லாம் சரியாகி விடும் என்ற நம்பிக்கையில் பல ஆயிரம் ரூபாயைக் கொட்டுகிறார்கள். காசு போவது கூட பரவாயில்லை. அவசரத்தில் செய்யும் ஒயரிங் வேலைதான் ஆபத்தில் கொண்டு போய் விடுகிறது.

கரண்டு கணக்கு

சின்ன கார்களில் கம்பெனி பொருத்தித் தரும் ஆல்டர்னேட்டர் சுமார் 65 முதல் 90 ஆம்பியர் வரை கரண்டு தரும். ராத்திரியில் ஏ.சி., ஹெட்லைட், ரேடியேட்டர் பேன், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஓடினால் அதில் 40 ஆம்பியர் வரை காலி. மீதி இருப்பதுதான் பாட்டுக்கு.

நிஜமான 1000 வாட் ஆம்பிளிபயர் முழு சத்தத்தில் சுமார் 90 ஆம்பியர் கேட்கும். (டப்பாவின் மேல் 5000 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்டிருக்கும் கணக்குதான் கணக்கு.) பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடாது, சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கரண்டு போதும் என்பது உண்மைதான். ஆனால் பாஸ் அடிக்கும் அந்த நொடியில் பற்றாக்குறையை பேட்டரிதான் கொடுக்க வேண்டும். தினமும் இப்படி உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரமே படுத்து விடும். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது செல்ப் எடுக்காது.

சிக்னலில் நின்னா போச்சு

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ஆல்டர்னேட்டரில் 150 ஆம்பியர், 200 ஆம்பியர் என்று எழுதியிருப்பது என்ஜின் வேகமாக ஓடும்போது கிடைக்கும் அளவு. வண்டி ஐடிலில் நிற்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். சூடு ஏறினால் அதுவும் குறையும். கத்திப்பாராவில் இருந்து வேளச்சேரி போவதற்குள் எத்தனை தடவை நிற்கிறோம் என்பது ஆதம்பாக்கத்துக்காரர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாத வெயில் வேறு. அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, சூடான நிலையில், ஐடிலில் எத்தனை ஆம்பியர் வரும் என்பதைத்தான்.

ஆல்டர்னேட்டருக்கும் சென்னைக்கும் சொந்தம் உண்டு. கத்திப்பாராவில் இருந்து நூறடி ரோட்டிலேயே போனால் வரும் பாடியில், 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர்களுக்குப் பேர் போனது. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் புதுப்பேட்டைக்குப் போய், பெரிய வண்டியில் கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரை வாங்கி, பிராக்கெட் அடித்து மாட்டுகிறார்கள். புல்லி நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கத்தும், அறுந்து போகும். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் போனால் என்ஜினும் சூடாகி நிற்கும்.

200 ஆம்பியர் முழுசாக எடுத்தால் என்ஜினிடம் இருந்து 6 குதிரைத்திறனுக்கு மேல் போய் விடும் என்பதும் கணக்கு. சின்ன காருக்கு இது சாதாரணம் இல்லை.

இத்தனை செலவு செய்து, 1000 வாட்டை 2000 வாட் ஆக்கினால் சத்தம் எவ்வளவு கூடும் தெரியுமா? வெறும் 3 டெசிபல்! காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்றுதான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாக காதுக்குக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 மடங்கு வாட் வேண்டும்.

எரிவது ஒயர்தான்

கம்பெனி போட்ட ஒயர் கம்பெனி ஆல்டர்னேட்டருக்கு அளவெடுத்துப் போட்டது. 150 ஆம்பியர் மெஷினை மாட்டிவிட்டு பழைய ஒயரையே விட்டால் அது கொதிக்கும். ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவில் இருந்து பாடிக்கு, என்ஜினில் இருந்து பாடிக்கு என இந்த மூன்று ஒயரையும் முதலில் தடியாக மாற்ற வேண்டும். சில நேரம் இதைச் செய்தாலே லைட் மங்குவது நின்று விடும். புது ஆல்டர்னேட்டரே தேவைப்படாது!

லூசான ஒரு லக்கில் 100 ஆம்பியர் ஓடினால், ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே அந்த ஒரே இடத்தில் 100 வாட் சூடு உருவாகும். மலிவு விலையில் வரும் செம்பு பூசிய அலுமினிய ஒயர் இன்னும் மோசம். பேட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இல்லாவிட்டால், ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்ட நிமிஷம் தீதான். பியூஸ் போடும் செலவு சில நூறு ரூபாய். அதைத்தான் தவிர்க்கிறார்கள்.

கோர்ட்டு வரை போன விவகாரம்

காரில் மட்டும் இல்லை, டூரிஸ்ட் பஸ்களிலும் இந்த மோகம் உண்டு. கேரளாவில் டூரிஸ்ட் பஸ்களில் ராட்சத ஸ்பீக்கர், ஆம்பிளிபயர், இன்வெர்ட்டர் எனக் குவித்ததை, பயணிகளுக்கு தீ அபாயம் என்று அந்த மாநில ஐகோர்ட்டு சுட்டிக்காட்டியது. 2022 அக்டோபரில் பாலக்காடு வடக்கஞ்சேரியில் மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றி வந்த டூரிஸ்ட் பஸ், அரசு பஸ் மீது மோதி 9 பேர் பலியானார்கள். அதிவேகத்தால் நடந்த விபத்து அது, ஆடியோவால் அல்ல. ஆனாலும் அதன் பிறகுதான் விதிமீறி மாற்றங்கள் செய்த பஸ்கள் மீது அங்கே பிடி இறுகியது.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் ஆல்டர்னேட்டர் பற்றி குறிப்பு எதுவும் கிடையாது என்பதால் ரோட்டில் யாரும் பிடிப்பதில்லை. சத்தத்துக்குத்தான் மாட்டுவார்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை.

வண்டி எரிந்து போனால் வருவது வேறு தலைவலி. கம்பெனி பொருத்தாத எலக்ட்ரிக்கல் சாமான்களுக்கு, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி இன்சூரன்சில் சேர்க்க வழி இருக்கிறது. சேர்க்காத ஆம்பிளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பணம் கேட்க முடியாது. இடைஞ்சலான ஒயரிங்கைப் பார்த்தால் வண்டிக்கான க்ளெய்மிலும் கேள்வி வரும்.

புதுசாக வரும் பல கார்களில் ஆல்டர்னேட்டரை என்ஜின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. இதில் கை வைத்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், வாரண்டியும் சிக்கலாகும். எலக்ட்ரிக் காரில் ஆல்டர்னேட்டரே கிடையாது.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை ஆம்பிளிபயர் முனையில் வைத்து, வண்டியை ஐடிலில் விட்டு, ஏ.சி., ஹெட்லைட் போட்டு, வழக்கமான சத்தத்தில் பாட்டு ஓட விட வேண்டும். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டருக்கு வேலை இல்லை. 12-க்கு கீழே இறங்கினால் அதே நேரம் பேட்டரி முனையிலும் அளந்து பாருங்கள். அங்கே 13-க்கு மேல் காட்டினால் கோளாறு ஒயரில்தான். அங்கேயும் இறங்கி இருந்தால் மட்டுமே பெரிய ‘டைனமோ’ பற்றி பேச வேண்டும்.