இழுப்பு நோயாளியின் பிரயாணம்: எந்தக் கருவி? யார் பொறுப்பு?

இழுப்பு நோய் கண்ட ஏழை ஊர் விட்டு ஊர் போகக் கூடாதா? இந்தக் கேள்வியைத்தான் இன்று விழுப்புரம் ஜில்லாவின் உழைப்பாளி மக்கள் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது.

திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் கருங்கல் குவாரிகள் இருக்கின்றன. திருவக்கரைப் பக்கம் போனால் கிரஷர் தூசி சாலையோர மரங்களின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். மரத்தின் இலையில் படிகிற தூசி மனிதனின் நுரையீரலை மட்டும் விட்டு வைக்குமா? இவர்களோடு நெல் மில்லில் உமித்தூசிக்கு நடுவே நிற்கும் தொழிலாளி, செங்கல் சூளைத் தொழிலாளி, ஆயுள் முழுவதும் விறகடுப்பை ஊதிய தாய்மார்கள், பீடி பிடித்துப் பழகியவர்கள் ஆகிய எல்லோருக்கும் நாற்பது ஐம்பது வயதில் வருவது ஒரே வியாதிதான்: மூச்சுத் திணறல். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 35 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. 70 வயதுக்குள் இந்நோயால் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். ஆகவே இது காற்றோட்டமான பங்களாவில் பிறந்த வியாதி அல்ல. குடிசையிலும் குவாரியிலும் பிறந்த வியாதி.

வியாதி வந்துவிட்டது என்பதற்காக வயிறு சும்மா இருக்குமா? விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைக்கும் ரயில் பாதை பிரிகிறது. கட்டட வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போக வேண்டும். மகள் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும். வைத்தியத்துக்கே முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1928இல் டாக்டர் சவுரிமுத்து ஸ்தாபித்த தாம்பரம் சானடோரியத்துக்கோ போயாக வேண்டும். வழியில் இழுப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பலர் பிரயாணத்தைக் கைவிடுகிறார்கள். பிரயாணத்தைக் கைவிட்டவன் வேலையைக் கைவிடுகிறான். வேலையைக் கைவிட்டவன் வைத்தியத்தையும் கைவிடுகிறான். விஷயம் இவ்வளவு பெரியது.

இந்தப் பயத்தை மூலதனமாக வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. "கையில் கொண்டு போகும் நெபுலைசர்" என்று விதவிதமான கருவிகளைக் கடைக்காரர்கள் நீட்டுகிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் கடன் வாங்கிப் பணத்தைக் கொட்டுகிறவர்களை நாம் பார்க்கிறோம். ஆகவே கருவியைப் பற்றிச் சில விஷயங்களைத் தெளிவுபடுத்துவது நமது கடமை.

முதலாவது: நெபுலைசர் பிராணவாயு கொடுக்கும் கருவி அல்ல. திரவ மருந்தைப் பனிப்புகை போல் ஆக்கி நுரையீரலுக்குள் அனுப்புவது மட்டுமே அதன் வேலை. பிராணவாயு தேவைப்படும் நோயாளிக்கு இதை மட்டும் கொடுத்து ரயிலில் ஏற்றுவது ஆபத்து.

இரண்டாவது: பலருக்குப் பிரயாணத்துக்கு நெபுலைசரே தேவையில்லை. அழுத்தினால் பீச்சும் இன்ஹேலரும், அதனோடு பொருத்தும் ஸ்பேஸர் என்னும் பிளாஸ்டிக் குழலும் போதும். ஆஸ்த்மா திடீரென்று அதிகமாகும்போதுகூட, முறையாக உபயோகித்தால் ஸ்பேஸரோடு கூடிய இன்ஹேலர் பெரும்பாலோருக்கு நெபுலைசருக்கு ஈடான பலனைத் தருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மின்சாரம் வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும். 1956இல் அமெரிக்காவில் ரைக்கர் கம்பெனி முதன்முதலாக இந்த இன்ஹேலரைக் கொண்டுவந்ததற்கே, கம்பெனித் தலைவரின் மகளான ஓர் ஆஸ்த்மாச் சிறுமி, ஸ்ப்ரே டப்பா போல மருந்தும் வராதா என்று கேட்டதுதான் தூண்டுதல் என்பார்கள். எடுத்துப் போக எளிதான மருந்து வேண்டும் என்பதே அன்றும் நோயாளியின் கோரிக்கை. நமது ஊரிலோ "இன்ஹேலர் பழகினால் விட முடியாது" என்ற வீண் வதந்தி அதைத் தடுக்கிறது. இந்த வதந்தியை ஒழிக்க வேண்டும். எப்படி மூச்சை இழுப்பது, எத்தனை விநாடி அடக்குவது என்று டாக்டரோ நர்ஸோ நேரில் செய்து காட்ட வேண்டும்.

மூன்றாவது: கை நடுக்கம், பலவீனம், முதுமை காரணமாக இன்ஹேலரை உபயோகிக்க முடியாதவர்களுக்கும், டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் நெபுலைசர் அவசியம். அதில் மூன்று ஜாதி உண்டு. ஒன்று, காற்றழுத்த மோட்டாரால் ஓடும் கம்பிரஸர். வீட்டுக்கு இதுவே நல்லது. முரட்டு உழைப்பு உழைக்கும். எந்த மருந்தையும் ஏற்கும். ஆனால் கனம், இரைச்சல், பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரம் இன்றி ஓடாது. இரண்டு, ஒலி அலையால் ஓடுவது. சத்தம் இல்லை, ஆனால் மருந்தைச் சூடாக்கும். பியூடெசோனைடு போன்ற கலங்கல் மருந்துக்கு ஏற்றதல்ல. மூன்று, மெஷ் எனப்படும் சல்லடைத் தகட்டுக் கருவி. கைக்குள் அடங்கும், பாட்டரியில் ஓடும், ஓசை இல்லை. பிரயாணத்துக்கு என்றே வாங்குவதானால் இதுதான் சரி. ஆனால் அதன் உயிர் அந்தச் சல்லடைத் தகட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் அடைத்துக் கொள்ளும்.

ஆகவே கடையில் பெட்டியின் மினுமினுப்பைப் பார்க்காதீர்கள், கேள்வி கேளுங்கள். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை தடவை மருந்து பிடிக்கலாம்? சாதாரண செல்போன் சார்ஜரில் ஏறுமா? தகடு கெட்டால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? டாக்டர் எழுதிய மருந்து இதில் ஓடுமா? ரிப்பேர் செய்ய விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஆள் உண்டா? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். மருந்தோடு சேர்க்கக் கிருமி நீக்கிய ஸலைன் மட்டுமே வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. ஒருவர் உபயோகித்த முகமூடியை மற்றவர் உபயோகிக்கக் கூடாது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அடுத்த ஸ்டேஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே உதவி கேட்க வேண்டும். ஊருக்குள் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவும் தனி மனிதன் செய்ய வேண்டியது. ஆனால் விஷயம் இதோடு முடிந்துவிடுகிறதா?

விலையைப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய்க் கருவி ஒன்று ஆறு நாள் கூலியை விழுங்கிவிடும். அந்த விலையில் உற்பத்திச் செலவு எவ்வளவு, இடைத்தரகு எவ்வளவு? 2021 ஜூலையில் மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய ஆணையமே ஒப்புக்கொண்ட உண்மை இது: நெபுலைசர், ஆக்ஸிமீட்டர் முதலான ஐந்து கருவிகளில், விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் விலைக்கும் பெட்டியில் அச்சிடும் விலைக்கும் இடையே லாபம் 709 விழுக்காடு வரை போயிருந்தது! நோயாளியின் மூச்சின் மேல் ஏழு மடங்கு லாபம்! லாபம் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஆணை பிறந்த சில நாட்களிலேயே, கணக்குக் கொடுத்த 684 பிராண்டுகளில் 620 பிராண்டுகளின் விலை இறங்கியது. கம்பெனிகள் மூடப்பட்டனவா? இல்லை. சர்க்கார் மனம் வைத்தால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கொரோனா காலத்துத் தற்காலிக ஆணையாகப் பிறந்ததை நிரந்தரச் சட்டமாக்கு என்பதே நமது கோரிக்கை.

ரயிலைப் பாருங்கள். பழைய மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் பிளக்கில் வருவது 110 வோல்ட்தான். வீட்டுக் கருவி ஓடாது. போதாததற்கு, தீ விபத்தைத் தடுப்பதாகச் சொல்லி, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பிளக்குகளை அணைத்துவைக்க ரயில்வே 2021 மார்ச்சில் முடிவு செய்தது. இழுப்பு உக்கிரமாவது எப்போது? நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான்! தீ விபத்தைத் தடுக்க வேண்டியதுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கார்டின் பொறுப்பிலோ பரிசோதகரின் பொறுப்பிலோ நோயாளிக்கென்று ஒரு பாதுகாப்பான பிளக் ஏற்பாடு செய்ய முடியாதா? பஸ் ஸ்டாண்டில் விளம்பரப் பலகைக்கு எரியும் மின்சாரம் மூச்சுத் திணறுகிறவனுக்கு இல்லையா?

"கட்சிப் பத்திரிகைக்கு இந்தக் கருவி விவகாரம் எதற்கு? சோஷலிசம் வந்தால் எல்லாம் சரியாகும்" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. இன்று மூச்சு முட்டுகிற தொழிலாளியிடம் நாளைய விடியலை மட்டும் பேசுவது நியாயமாகாது. "தர்மவான்கள் பத்துக் கருவி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது" என்று வேறு சிலர் சொல்வார்கள். கொடுக்கட்டும். ஆனால் தானம் வாங்குகிறவன் கேள்வி கேட்க முடியாது. உரிமை உள்ளவன் கேட்பான். தொழிலாளியின் ஆரோக்கியம் அவனது வாழ்வுரிமையின் பகுதி என்று 1995இல், ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்திருக்கிறது.

கல்தூசியால் வரும் சிலிகோஸிஸ் நோய்க்கு நெபுலைசர் மருந்தாகாது. அது திணறலைச் சற்றுத் தணிக்குமே தவிர, தழும்பேறிய நுரையீரலைத் திருப்பித் தராது. தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்கு, தண்ணீர் விட்டுத் துளை போடு, கிரஷரை மூடிக் கட்டு என்பதே அதற்கு வைத்தியம். ராஜஸ்தானில் 2019இல் தூசி நோய்க்கென்று தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று ஏற்பாடு செய்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவது இவை:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரயாணத்துக்கு இரவல் கொடுக்கப் பாட்டரி நெபுலைசர்கள் வேண்டும். முகமூடியும் மருந்துக் கிண்ணமும் ஆளுக்குத் தனியாக இலவசமாகத் தர வேண்டும்.

2. இன்ஹேலரும் ஸ்பேஸரும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்.

3. விழுப்புரம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுகளிலும் ரயில் நிலையங்களிலும் இரவும் பகலும் முதலுதவி அறை, மின்சார வசதியுடன் இயங்க வேண்டும்.

4. இரவு ரயில்களில் நோயாளிகளுக்கு மின்சாரம் மறுக்கப்படக் கூடாது.

5. கருவிகளின் மேல் லாப வரம்பு நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

6. குவாரி, கிரஷர் தொழிலாளர் அனைவருக்கும், காண்ட்ராக்ட் ஆட்கள் உட்பட, வருஷந்தோறும் மார்பு எக்ஸ்ரே பரிசோதனையும், நோய் கண்டால் நஷ்டஈடும் வேண்டும்.

இவை எட்டாக்கனி அல்ல. தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் ஒன்றுகூடிக் கிராமம் கிராமமாகக் கையெழுத்து வாங்கட்டும். கலெக்டரிடமும், ரயில்வே அதிகாரிகளிடமும், தொகுதி அங்கத்தினர்களிடமும் மகஜர் கொடுக்கட்டும். கையெழுத்து வாங்கப் போகும் தோழர்கள், நோயாளியின் வீட்டில் இன்ஹேலர் சரியாக உபயோகமாகிறதா, மருந்து தவறாமல் கிடைக்கிறதா என்றும் விசாரித்து, இல்லையென்றால் அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லட்டும். கல்லை உடைத்து ரோடு போட்டவன் அந்த ரோட்டில் பயமின்றிப் பிரயாணம் செய்யும் நாள் வரை இந்தக் கோரிக்கை ஓயக் கூடாது.