எலக்ட்ரான் கற்றையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நம் தலைமுறைக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். ஸ்விட்சைப் போட்டவுடன் பாடாது. உள்ளே வால்வுகள் சூடேறிய பிறகுதான் குரல் வரும். மாநிலச் செய்தி கேட்க வேண்டுமென்றால் அப்பா கொஞ்சம் முன்னதாகவே போட்டு வைப்பார்.

இருபத்தாறு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் நான் பார்த்துக்கொண்ட எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் அதே ஜாதிதான். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எங்களுடையதில் இருந்தது கொண்டை ஊசிபோல் வளைத்த டங்ஸ்டன் இழை. வெற்றிடத்தில் அதைச் சுமார் 2,400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவோம்.

சூட்டைக் கூட்டினால் எலக்ட்ரான் கற்றையும் கூடும். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் கூடாது. இதை சாச்சுரேஷன் என்போம். அந்த எல்லையைத் தொட்டவுடன் நிறுத்துவதுதான் இந்தத் தொழிலின் பாடம். அதற்குக் கீழே நின்றால் சூட்டில் ஏற்படும் சிறு மாற்றமும் கற்றையை ஆட்டிவிடும். மேலே போனால் படம் துளியும் மேம்படாது. இழைதான் ஆவியாகித் தேய்ந்து சீக்கிரம் அறுந்துபோகும். தேயத் தேய எல்லையும் கீழே இறங்கும் என்பதால் நேற்று வைத்த இடம் இன்றைக்குச் சரிவராது. தினமும் பார்க்க வேண்டும்.

ஒரு முறை நான் விடுப்பில் இருந்தபோது ஓர் ஆராய்ச்சி மாணவி உலோகக் கலவை ஒன்றில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்திருந்தார். அவசரத்தில் இழையைச் சரியாகச் சூடேற விடவில்லை. படமெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் காலையில் நூறு சதவீதத்தை ஒட்டி வந்த கூட்டல் மாலையில் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது. "சாம்பிள்ல கோளாறா சார்?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். "சாம்பிள் நல்லாத்தாம்மா இருக்கு, கற்றைதான் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு" என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம்.

அந்தக் கூட்டல் குறைந்ததால்தான் தவறு வெளியே தெரிந்தது. இப்போதைய மென்பொருள்கள் பலவற்றில், எது வந்தாலும் கூட்டல் நூறு வரும்படி சரிசெய்து காட்டும் வசதி உண்டு. அதை மட்டும் பார்ப்பவருக்குக் கற்றை குறைந்ததே தெரியாது.

"புதிய இயந்திரங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை சார்" என்கிறார்கள். பாதி உண்மை. டங்ஸ்டன் இழை சுமார் 100 மணி நேரம் உழைத்தாலே பெரிது. இப்போது வரும் ஷாட்கி வகை முனை இரவு பகலாக எரிந்து, ஓராண்டுக்கு மேலும் நிதானமாகக் கற்றை தரும். ஆனால் அதற்கு வேண்டிய வெற்றிடம் பல மடங்கு சுத்தமானது. மின்சாரம் போய், பம்ப் நின்று, கவனிக்க ஆள் இல்லையென்றால் லட்சக்கணக்கில் செலவு வைக்கும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஆளே போடவில்லை. மாணவர்களே மாறி மாறி ஓட்டுகிறார்கள். கோடிக்கணக்கில் கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. இது சிக்கனமல்ல. தவறான அளவை நம்பி ஒரு பிள்ளை மூன்று வருடம் உழைத்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நிரந்தரமாக ஓர் ஆளைப் போடுங்கள். அதுவரை ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஃபாரடே கோப்பையில் கற்றையின் மின்னோட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லையென்றால் அன்றைய அளவுகளை நம்பாதீர்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.