பறிக்கப்படாத கைப்பேசியும் கொடுக்கப்படாத கைப்பேசியும்

கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசிக்குத் தடை. அதை ஏற்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி எனக் கூறி, 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. நல்ல தீர்ப்புதான், ஆனால் இருக்கும் கைப்பேசியைப் பறிக்காதே என்பதோடு அது நின்றுவிடுகிறது. இல்லாதவர்க்கு யார் கொடுப்பது?

அடுத்த ஆண்டே பெருந்தொற்று இக்கேள்வியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் பொருளியலாளர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில், நலிந்த குடும்பங்களின் சுமார் 1,400 குழந்தைகளிடையே ஆய்வு நடத்தினர். கிராமப்புறத்தில் இணையவழியில் தொடர்ந்து படித்தவர்கள் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காடு; பிறரில் 15 விழுக்காடு. ஆய்வு நடந்ததே ஏழைக் குடியிருப்புகளில். வறுமை மட்டுமே காரணமெனில் ஏழைகளுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது? ‘டிஜிட்டல் இடைவெளி’ என்ற சொல்லில் சாதி காணாமற்போய்விடுகிறது.

கொடுக்கும் கடமையைப் பேசியது டெல்லி உயர் நீதிமன்றம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு, தொடக்கக் கல்விக்குத் தடையாகும் எந்தக் கட்டணமோ செலவோ குழந்தையின் மீது விழக்கூடாது என்கிறது. பாடம் திரைக்கு மாறினால் திரையின் விலையும் அத்தகைய செலவுதானே! தனியார் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயா போன்ற அரசுப் பள்ளிகளும் நலிந்த பிரிவு மாணவர்களுக்குக் கருவியும் இணையமும் தரவேண்டும், தனியார் பள்ளிகள் அச்செலவை அரசிடம் ஈடுபெறலாம் என்று 2020 செப்டம்பரில் அது தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அக்டோபரில், திட்டம் வகுக்குமாறு டெல்லி அரசிடம் கூறியது. அதற்குள் ஒரு தலைமுறையின் சுமார் ஒன்றரைக் கல்வியாண்டு போய்விட்டது.

பள்ளிகள் திறந்தபின் இது முடிந்த கதை என்போர் உண்டு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இச்சட்டமோ 6 முதல் 14 வயது வரை மட்டுமே பேசுகிறது. உதவித்தொகை தேவைப்படும் வயதில் அது கைவிட்டுவிடுகிறது.

எட்டாம் வகுப்பு வரையிலாவது ஒரு வழி உண்டு. கைப்பேசி இல்லாததால் பாடம் எட்டாத குழந்தைக்காக, 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எவரும் எழுத்துமூலம் முறையிடலாம். மூன்று மாதத்திற்குள் அது முடிவு சொல்லியாக வேண்டும். தவறான முடிவெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, ஒரு தாள் போதும்.