புது ஃபேன் மேல் பழி போடாதீர்கள்

பாத்ரூமில் புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை என்றால் முதல் பழி ஃபேன் மேல்தான் விழுகிறது. கழற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வாங்கிய கடைக்கே எடுத்துப்போகிறார்கள். கடைக்காரர் மேசையில் வைத்து கரண்ட் கொடுத்தால் ஜம்மென்று சுற்றுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அசைய மறுக்கிறது. இப்படிப்பட்ட கோளாறு பெரும்பாலும் சுவருக்குள் போகும் ஒயரில்தான் இருக்கும். அதைத் தேடிப் பார்க்கப் பொறுமையில்லாமல் எடுக்கப்படும் குறுக்குவழிகள் உயிருக்கு உலை வைப்பவை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். குளியலறை ஒயரிங்கை அற்ப வேலையாக நினைக்க இந்த ஒரு எண் இடம் தரவில்லை.

கடலோர வானூர் வட்டாரத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. கிழக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கடற்கரை. வடக்கே மரக்காணம் உப்பளங்கள். நடுவில் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு. இங்கே வீசும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பீரம் மின்சாரத்தைக் கடத்தும். செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பூப்பதும், ஸ்க்ரூ துருப்பிடித்து இணைப்பு தளர்வதும் உள்நாட்டு ஊர்களைவிட இங்கே சீக்கிரம் நடக்கின்றன. எக்ஸாஸ்ட் ஃபேனோ வென்டிலேட்டர் ஓட்டையில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. உள்ளிருந்து வெந்நீர் ஆவி, வெளியிலிருந்து கடற்காற்று, ஐப்பசி கார்த்திகையில் சாரல். 2020-ல் நிவரும் 2024-ல் ஃபெஞ்சலும் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான்.

கொல்லைப்புறத்தில் தனியாக இருந்த குளியலறை படுக்கையறையோடு ஒட்டிய அறையாக மாறிய பிறகு, ஆவியையும் நாற்றத்தையும் வெளியேற்ற இந்த ஃபேன் தேவைப்பட்டது. ஆனால் பல வீடுகளில் அதற்கென்று தனி பாயின்ட் இருக்காது. பக்கத்து லைட் பாயின்ட்டிலிருந்து இரண்டு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், ஸ்விட்ச் போட்டும் ஓடாத ஃபேன். டெஸ்டரை வைத்தால் ஃபேனின் இரண்டு முனையிலும் எரிகிறது. “ரெண்டு பக்கமும் ஃபேஸ் வந்திருக்கு” என்று சொல்லி போர்டைக் குடைய ஆரம்பிப்பார்கள். உண்மையில் அறுந்திருப்பது நியூட்ரல். ஃபேஸ் மின்சாரம் ஃபேனின் காயில் வழியாக ஓடி, திரும்பிப் போக வழியில்லாமல் மறுமுனையில் நிற்கிறது. டெஸ்டர் அதைத்தான் காட்டுகிறது. டெஸ்டர் ஃபேஸைக் காட்டும், நியூட்ரல் இருக்கிறதா என்று சொல்லாது. பல்ப் ஹோல்டரில் இரண்டு ஒயர் மாட்டிய டெஸ்ட் லேம்பையோ மல்டிமீட்டரையோ ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நியூட்ரலைத் தேடி ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சோம்பல்பட்டு, கையெட்டும் தூரத்தில் கீசருக்கு வந்திருக்கும் பச்சை ஒயரை, அதாவது எர்த்தை, நியூட்ரலாகக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கசிவுத் தடுப்புக் கருவியான ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஃபேன் சுற்றும். வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு கூலி கொடுப்பார். ஆனால் உவர் மண்ணில் புதைத்த எர்த் பைப் சில ஆண்டுகளில் அரித்துப் போகக்கூடியது. அதே மண் முதலில் எர்த்துக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். உப்பு இருப்பதால் மின்தடை குறைவு. அதே உப்புதான் இரும்பையும் தின்னும். பைப் அரித்து எர்த் தொடர்பு அறுந்த நாளில், ஃபேன் வழியாக வரும் மின்சாரம் போக இடமில்லாமல் அந்தப் பச்சை ஒயர் போகும் எல்லா இடத்துக்கும் பரவும். கீசரின் உலோக உடம்பு, அதோடு சேர்ந்த தண்ணீர்க் குழாய், வாஷிங் மெஷினின் தகடு என எல்லாமே ஷாக் அடிக்கும். ஈரக்காலோடு நிற்பவருக்கு ஃபேன் ஸ்விட்சுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இருக்கும் தொடர்பு எப்படித் தெரியும்?

இரண்டாவது, ஆர்சிசிபி விழுவது. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். புது ஃபேனைப் போட்டதும் இது விழுந்தால், “லீக்கேஜ் ஃபேன்” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஃபேஸை இன்வெர்ட்டர் லைனிலும் நியூட்ரலை ஈ.பி. லைனிலும் எடுத்திருந்தால், பழுதே இல்லாத ஃபேனும் இதை விழவைக்கும். 30 வாட் ஃபேன் இழுப்பது சுமார் 130 மில்லி ஆம்பியர். அது ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பினால், ஆர்சிசிபி கண்ணுக்கு அத்தனையும் கசிவுதான். புயலுக்குப் பயந்து இன்வெர்ட்டர் வைத்திருக்கும் கடற்கரை வீடுகளில் இந்த நியூட்ரல் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதே வீடுகளில் மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒயரில் கைவைப்பதும் ஆபத்து. இன்வெர்ட்டர் லைனில் அப்போதும் கரண்ட் இருக்கும்.

ஃபேன் ஸ்விட்சை அணைத்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தால் குறி வேறு: நியூட்ரல் எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரலை அல்ல. இந்த ஒரு அறிகுறியைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி நாள் தேடல் மிச்சம்.

நிறக் குழப்பமும் உண்டு. இங்கே வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புது ஃபேன்கள் பலவற்றில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் நீலத்தோடு நீலத்தை முடிச்சுப் போட்டால், 230 வோல்ட் வேண்டிய ஃபேனுக்கு 400 வோல்ட் போய் முதல் நாளே காயில் கருகும். ஹம் என்று முனகி சுற்றாமல் நிற்பது, ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியதில் ஃபிரேம் வளைவது, கண்டென்சர் போவது எல்லாம் சின்ன விஷயங்கள், ஆபத்து குறைவு.

இத்தனைக்கும் வேலைத்தளத்தில் கிடைக்கும் ஒரே மருந்து, ஆர்சிசிபியைக் கழற்றி டைரக்டாகக் கொடுப்பது. இதை அனுமதிக்கவே கூடாது. வீட்டுக்காரரும்தான் இதில் பங்காளி. அடிக்கடி கரண்ட் போகிறது என்று அவசரப்படுத்துவது அவர்தான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், பல்ப், ஃபேன் போன்றவற்றை மாற்றுவதை மட்டுமே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் இல்லாமல் செய்ய விடுகின்றன. புதிதாக ஒரு பாயின்ட் இழுப்பது அந்த விலக்கில் வராது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பும் இத்தகைய கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. காகிதத்தில் இருப்பது வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இங்கிலாந்தில் 2005 முதல் கட்டட விதிகளே குளியலறை ஒயரிங்கைத் தனி கவனத்துக்குரியதாக வைத்திருக்கின்றன. லண்டனில் வீடு வாங்கிய தமிழர்கள் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஊரில் அப்பா அம்மாவுக்குக் கட்டும் வீட்டில் அதையே கேட்பதற்கு என்ன தடை?

பழியை எலக்ட்ரீஷியன்கள் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமல்ல. கூடவே போய்ப் பார்த்துக் கற்றவர்கள்தான் கிராமங்களின் ஒயரிங்கைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்காகவே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது; அனுபவம்தான் அதற்கு அடிப்படைத் தகுதி. அதை எழுதும்படி இளைஞர்களைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். நியூட்ரல் கலப்பு, ஆர்சிசிபி சோதனை இரண்டையும் ஐடிஐ பயிற்சிகளில் கைப்பழக்கமாக்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. அந்த வீடுகளின் குளியலறை வென்டிலேட்டருக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று ஒயரும் தனியாகப் போகவும், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கவும் மதிப்பீட்டிலேயே இடம் வைக்கலாம். கட்டுமானத்தைப் பார்த்துத் தவணையை விடுவிக்க வரும் பொறியாளர் சுவரையும் கூரையையும் அளக்கிறார். கடைசித் தவணைக்கு முன் ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும், எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். பட்டன் கருவியின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. அதனால் இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.